டில்பர்ட் என்ற முட்டாள் விமானி: போர்க்காலப் படப் பயிற்சி ஏடுகள் பற்றி

#1 ஓய்வு_ஃபிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். விமானப்படையில் 20 வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல்பகுதியைப் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவன் நான். இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பட்டறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் கதை.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன மாதம் சில பழைய ஏடுகளை ஸ்கேன் செய்து அனுப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்காக அச்சிட்டவை. ‘பாராசூட் சென்ஸ்’, ‘ஆக்சிஜன் சென்ஸ்’, ‘கன்னரி சென்ஸ்’, ‘ஷார்க் சென்ஸ்’ என்று ஒரு வரிசை. ஒரு ஏட்டுக்கு ஒரே ஒரு சங்கதி. சென்ஸ் என்பதை நம் பேச்சில் ‘விவரம்’ என்று சொல்லலாம். விவரமான பையன் என்கிறோமே, அந்த விவரம். கடலில் குதித்தால் சுறாவைப் பற்றி என்ன விவரம் தெரிந்திருக்க வேண்டும், மேலே ஏறினால் மூச்சைப் பற்றி என்ன விவரம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் போட்டவர் ராபர்ட் ஆஸ்போர்ன். இவர்தான் அதே கடற்படைக்காக டில்பர்ட் என்ற விமானியையும் படைத்தார். செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்து காட்டுவதுதான் டில்பர்ட்டின் வேலை. ஓடுபாதையைப் பார்க்க மாட்டான், எரிபொருள் முள்ளைப் பார்க்க மாட்டான், தாழப் பறந்து வேடிக்கை காட்டுவான். சுமார் 2000 சுவரொட்டிகள் வந்தன என்கிறார்கள். மெக்கானிக்குகளுக்குத் தனியாக ‘ஸ்பாய்லர்’ என்று இன்னொருவன். அவனைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று நெஞ்சில் தைத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கேள்வி. எங்கள் பட்டறைக்குத் தமிழில் படப் பாதுகாப்பு அட்டைகள் செய்ய ஆசை. டில்பர்ட் மாதிரி ஒரு முட்டாள் பாத்திரம் வைக்கலாமா? பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

#2 கோட்டோவியன்

ஐயா, நல்ல இழை. பாடநூல்களுக்குப் படம் போடுவது என் தொழில். ஆஸ்போர்னை மாணவனாக இருந்த காலத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

அவருடைய கோட்டைக் கவனியுங்கள். அழுத்தமான கறுப்பு, வேகமான இழுப்பு, அலங்காரம் கிடையாது. படத்தில் விமானம் ஓடும் திசையும் விமானியின் முகமும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. டில்பர்ட்டின் முகத்தில் பயமே இருக்காது, அதில்தான் சூட்சுமம். தனக்கு எல்லாம் தெரியும் என்ற திருப்தியில் இருப்பான். பார்க்கிறவனுக்கு ஆபத்து தெரிகிறது, படத்தில் இருக்கிறவனுக்குத் தெரியவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்துச் சிரிக்கிற பக்கத்து ஊர் ஜனத்துக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிற அதே தூரம்.

புகைப்படத்தால் இதைச் செய்ய முடியாது. விபத்தின் புகைப்படம் முடிந்து போனதைக் காட்டும். விபத்துக்கு 3 நொடி முன்னால் ஒருவன் மனசில் என்ன ஓடியது என்பதைக் கோடு மட்டும்தான் காட்டும்.

டில்பர்ட்டை வையுங்கள், ஐயா. நான் வரைந்து தருகிறேன்.

#3 மாணவன்_23

அண்ணா, ஒரு சந்தேகம். தடியான கையேடு ஏற்கெனவே இருக்கும்போது கேலிப்படத்துக்கு என்ன அவசியம் வந்தது? ராணுவத்தில் உத்தரவு போட்டால் படிக்கத்தானே வேண்டும்?

#4 பழம்புத்தகம் (கோவை)

தம்பி, எண்ணிக்கையைப் பார்த்தால் புரியும். 1939 ஜூலையிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு மட்டும் 1,93,440 விமானிகளைப் பயிற்சி முடித்து அனுப்பியது. பெரும்பாலோர் 20 வயதுப் பையன்கள். கார்கூட ஓட்டியிராதவன் ஒரு வருஷத்துக்கு மேல் கொஞ்ச காலத்தில் நான்கு எஞ்சின் விமானத்துக்குப் பொறுப்பாளி ஆனான்.

விலை என்ன? போரில் அமெரிக்கா இறங்கிய பிறகு, அமெரிக்க மண்ணில் மட்டும், எதிரியே இல்லாத வானத்தில், அந்தப் படைக்கு 52,651 விபத்துகள். இறந்தவர்கள் 14,903 பேர். இந்த எண்ணை முதல்முறை படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சிறு நகரமே பயிற்சியில் போயிருக்கிறது.

உத்தரவு போட்டால் படிப்பார்கள், சரி. பரீட்சை முடிந்ததும் மறப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரிலும், கழிவறைக் கதவிலும், சட்டைப் பையிலும் இருக்கிற பாடம்தான் ஆகாயத்தில் நினைவுக்கு வரும்.

பிரிட்டிஷ்காரர்கள் இதை முன்பே தொடங்கிவிட்டார்கள். 1941 ஏப்ரலில் ‘டீ எம்’ என்ற மாத இதழ் வந்தது. பயிற்சிக் குறிப்பு என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். ஆசிரியர் ஆண்டனி ஆம்ஸ்ட்ராங், நகைச்சுவை எழுத்தாளர். பில் ஹூப்பர் வரைந்த பைலட் ஆபீசர் ப்ரூன் அதில்தான் வாழ்ந்தான். டில்பர்ட்டின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். முட்டாள்தனமான விபத்துகளுக்கு இதழில் மாதாமாதம் ஒரு பொய் விருது உண்டு. இத்தனை நேச நாட்டு விமானங்களை நாசம் செய்ததற்காக ஜெர்மானியரே ப்ரூனுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள் என்று ஒரு கதைகூடப் பரவியது.

#5 ரொறன்ரோ_குமரன்

வணக்கம் உறவுகளே. நான் இஞ்ச கனடாவில இருக்கிறன். பிரிட்டனும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 1939 டிசம்பரில கையெழுத்துப் போட்ட பயிற்சித் திட்டம் பற்றி ஒரு சொல் சொல்ல வேணும். குண்டு விழாத வானம், பரந்த நிலம் எண்டு கனடாவைத் தெரிஞ்செடுத்தவை. போர் முடியேக்க 1,31,553 பேர் இஞ்ச பயிற்சி முடிச்சிருந்தவை. ரைகர் மொத் எண்ட சின்னப் பயிற்சி விமானத்தில தொடங்கி, அதைவிடப் பெரிய ஹாவார்ட்டுக்குப் போறது வழமை.

கிட்டடியில ஒரு விமான அருங்காட்சியகத்தில தொண்டு வேலைக்குப் போனனான். அங்க பழைய லிங்க் பயிற்சிப் பெட்டி ஒண்டு கிடக்கு. எட் லிங்க் 1929 அளவில செய்த வடிவம். குட்டி விமானம் மாதிரி மரப்பெட்டி. உள்ள இருந்து மூடியைப் போட்டா வெளியால ஒண்டும் தெரியாது, கருவிகளை மட்டும் பாத்து ஓட்ட வேணும். நான் ஏறி இருந்து பாத்தனான். ரெண்டு நிமிசத்தில எது மேல எது கீழ எண்டு தெரியாமல் போச்சு. உடம்பு சொல்லுறது பொய், முள்ளு சொல்லுறதுதான் மெய் எண்டு புத்தகத்தில நூறு தரம் வாசிச்சனான். அந்தப் பெட்டிக்குள்ளதான் அது எனக்குள்ள இறங்கினது.

அதால ஐயா, படத்தோட நிண்டு போகாதேங்கோ. அமெரிக்கக் கடற்படையும் படத்தோட நிக்கேல்ல. கடலில விழுந்த விமானத்தில இருந்து தப்பிறதுக்கு ஒரு பொறி செய்தவை. காக்பிட்டைத் தண்டவாளத்தில சறுக்க விட்டுக் குளத்துக்குள்ள தலைகீழாக் கவிழ்க்கும். உள்ள இருக்கிறவர் பட்டியைக் கழட்டி வெளியால வரவேணும். அதுக்குப் பேர் என்ன தெரியுமோ? டில்பர்ட் டங்கர்! படத்தில இருந்தவன்ர பேரைக் குளத்துக்கும் வைச்சிட்டினம்.

#6 கண்மணி_ஆர்

தாமதமாக வருகிறேன். நான் கருவிகளின் கைப்பிடி, பொத்தான், திரை வடிவமைப்பில் வேலை செய்பவள். கோட்டோவியன் அண்ணா சொன்ன அழகை மறுக்கவில்லை. ஆனால் டில்பர்ட்டை வைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

1943இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானச் சோதனைத் தளமான ரைட் ஃபீல்டில் அல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற இளம் உளவியலாளரிடம் ஒரு புதிர் வந்தது. பி-17 குண்டுவீச்சு விமானிகள் பத்திரமாகத் தரை இறங்கிவிட்டு, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடுகிறது. பி-25 குண்டுவீச்சு விமானத்திலும், பி-47 தண்டர்போல்ட் சண்டை விமானத்திலும் அதே கதை. விசாரணைத் தாளில் எழுதப்பட்ட காரணம் ‘விமானியின் தவறு’.

சாபானிஸ் காக்பிட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார். இறங்கும்போது இறக்கையிலிருந்து கீழே விரியும் ஃப்ளாப் மடிப்புக்கு ஒரு ஸ்விட்ச், சக்கரத்துக்கு ஒரு ஸ்விட்ச். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் ஒரே உருவம். களைத்துப்போய் இறங்கியவன் ஃப்ளாப்பை மடிக்க நினைத்து மற்றதைத் தட்டிவிடுகிறான். சி-47 சரக்கு விமானத்தில் அந்த இரண்டும் வேறு மாதிரி அமைந்திருந்தன. அங்கே இந்த விபத்து இல்லை. அதே பயிற்சி பெற்ற, அதே வயதுப் பையன்கள்தான் அதையும் ஓட்டினார்கள்.

அவர் செய்தது மிக எளிது. சக்கர லிவரின் தலையில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், ஃப்ளாப் லிவரின் தலையில் ஆப்பு வடிவத் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது எது என்று கை சொல்லிவிடும். இன்றைக்கும் பயணி விமானத்தில் சக்கர லிவரின் தலை சக்கரம் மாதிரிதான் இருக்கும், சட்டமே அப்படி.

சுவரொட்டியில் ஒரு முட்டாளை வரைந்து ‘பார்த்து இழு’ என்று எழுதலாம். அந்தச் சுவரொட்டி இருக்கும் வரை, ஸ்விட்சை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. டில்பர்ட்டின் மேல் எனக்குள்ள கோபம் அதுதான்.

#7 ஓய்வு_ஃபிட்டர்

அம்மா, நீங்கள் சொன்னது எனக்குப் புதுசு. ஆனால் ஒன்றைச் சொல்லட்டுமா? போர் நடக்கும்போது எல்லாவற்றையும் மாற்ற நேரம் கிடைக்காது.

பி-51 மஸ்டாங் சண்டை விமானத்தை எடுங்கள். இங்கிலாந்திலிருந்து பெர்லின் வரை குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் போய்வர எரிபொருள் போதவில்லை. அதனால் விமானி இருக்கைக்குப் பின்னால் 85 காலன் டாங்கி ஒன்றைச் சேர்த்தார்கள். அது நிறைந்திருந்தால் பாரத்தின் நடுப்புள்ளி பின்னால் நகர்ந்துவிடும். கூர்மையாகத் திருப்பினால் விமானி கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் குச்சி எதிர்ப்புறம் பாயும். விமானம் தானே இன்னும் இறுக்கமாகச் சுழலப் பார்க்கும். டாங்கியைக் கழற்ற முடியாது, கழற்றினால் பெர்லின் கிடையாது. ஆகவே அந்த டாங்கியை முதலில் காலி செய், அதுவரை வித்தை காட்டாதே என்று விமானிக்குச் சொல்லியே ஆக வேண்டும். படத்தோடு சொன்னார்கள். அங்கே ஏடுதான் உயிர் காத்தது. ரப்பர் சக்கரம் ஒட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

இப்போது என் கதை. சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு விமானத்தின் இறக்கை அடியில் இருக்கும் சோதனை மூடியைத் திறந்து வேலை பார்த்துவிட்டு மூடினேன். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700இல் கையெழுத்தும் போட்டேன். விமானம் போய்த் திரும்பி வந்தது, மூடி வரவில்லை. இரண்டு ஃபாஸ்ட்னரைத் திருப்பிப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். மறுநாள் ஹேங்கரில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து ‘பேனல்’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள், நாலு வருஷம். அதற்கப்புறம் ஒரு ஃபாஸ்ட்னர் என் கையைத் தப்பவில்லை. ஸ்பாய்லரைப் பார்த்ததும் நெஞ்சில் தைத்ததற்குக் காரணம் இதுதான். வெட்கம் பாடம் சொல்லும் அம்மா. அனுபவத்தில் சொல்கிறேன்.

#8 கண்மணி_ஆர்

ஐயா, மஸ்டாங் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மாற்ற முடியாத ஆபத்தை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே விமானி முட்டாள் இல்லை. விமானத்தில் இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று பெரிய மனிதனிடம் பேசுவதுபோல்தான் அந்த ஏடு பேசுகிறது.

ஒன்று கேட்கலாமா? தவறாக நினைக்காதீர்கள். ‘பேனல்’ என்று பெயர் வைத்த பிறகு, வேறு ஏதாவது தவறு நடந்தபோது யாரிடமாவது சொன்னீர்களா?

#9 மாணவன்_23

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் ஒரு பறக்கும் பள்ளியில் படிக்கிறேன். மூன்றாவது தனிப் பறப்பில் இறங்கும் வட்டத்தில் கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடேற்றும் விசையைப் போட மறந்துவிட்டேன். எஞ்சின் கொஞ்சம் திணறியது, பிறகு சரியாகிவிட்டது. இறங்கியதும் பயிற்றுநரிடம் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இன்னொரு பையன் ரேடியோவில் தப்பாகப் பேசியதை வைத்து முழு வகுப்பும் சிரித்தது. அவனுக்கு இன்னும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை.

கண்மணி அக்காவின் கேள்வியைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது.

#10 பழம்புத்தகம் (கோவை)

தம்பி, இன்றைக்கே போய்ப் பயிற்றுநரிடம் சொல். கார்புரேட்டரில் பனி பிடிப்பது விளையாட்டுக் காரியமில்லை.

நீ சொன்னதை ஒட்டி ஒரு தகவல். அமெரிக்கக் கடற்படையில் ‘டில்பர்ட்’ என்பது வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. தவறு செய்தவனை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். அதே ஆஸ்போர்ன் வரைந்த இன்னொரு பாத்திரமும் உண்டு, கிராம்பா பெட்டிபோன். தாடி வளர்ந்த கிழட்டு விமானி. 1943 ஜனவரியில் கடற்படை விமானத் துறையின் செய்தி மடலில் முதலில் வந்தார். நடந்த விபத்து ஒன்றின் அறிக்கையைச் சுருக்கிப் போடுவார்கள், கீழே தாத்தா வந்து திட்டுவார். திட்டினாலும், தவறு செய்தவனின் பெயர் இருக்காது. பெயர் போனது, பாடம் நின்றது. ஆஸ்போர்ன் 1994இல் இறக்கும் வரை அந்தத் தாத்தாவை வரைந்துகொண்டே இருந்தார். டில்பர்ட் போரோடு மங்கிவிட்டான், தாத்தா ஆஸ்போர்னுக்குப் பிறகும் தொடர்ந்தார். எது நீடித்தது என்று பாருங்கள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கோவையில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் இருந்தது, அதற்கு ‘கருடா’ என்று பெயர். போரின் கடைசிக் கட்டத்தில் சூலூர் தளத்துக்கு ‘வைரி’ என்று வைத்தார்கள். கடற்படை விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். வைரி நம் வல்லூறு இனம்தான். இலங்கையில் புத்தளம் தளத்துக்கு ‘ராஜாலிய’, கட்டுக்குருந்தைக்கு ‘உகுஸ்ஸா’. புத்தளத்தில் அமெரிக்கா செய்த கோர்சேர் சண்டை விமானங்களை பிரிட்டிஷ் பையன்கள் ஓட்டினார்கள். மூக்கு நீளம், நேராக இறங்கினால் முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் வளைந்து வந்து, கடைசி நொடியில் நேராக்கி இறங்கப் பழகினார்கள். விமானத்தின் குறையைப் பழக்கத்தால் கடந்தார்கள் என்பதற்கு இது ஒரு உதாரணம். சூலூர் ஓடுபாதையைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பையன்கள் நினைவு வரும்.

#11 கோட்டோவியன்

கண்மணி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆக்சிஜன்.

10,000 அடிக்கு மேல் காற்று மெலிகிறது. மூளைக்குப் பற்றாக்குறை வரும்போது மூச்சு முட்டாது, வலிக்காது. உற்சாகமாக இருக்கும். இவ்வளவு நன்றாக நான் பறந்ததே இல்லை என்று தோன்றும். நகம் நீலமாகும், கணக்குத் தப்பும், அப்புறம் தூக்கம். இரவுப் பார்வை 5,000 அடியிலேயே மங்கத் தொடங்கிவிடும். தன் நிலை கெட்டது தனக்கே தெரியாத ஒருவனை எப்படி எச்சரிப்பது? அவன் முகத்தில் இருக்கும் அந்தப் பொய்யான சந்தோஷத்தை முன்கூட்டியே வரைந்து காட்டித்தான். சந்தோஷமாக இருந்தால் பயப்படு என்று சொல்ல ஆஸ்போர்னின் கோட்டை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அவர் கேலி செய்தது விமானிகளை வெறுத்ததால் அல்ல. போர் முடிந்த மறு வருஷமே, 1946இல், போரையே எதிர்த்து ஒரு படப் புத்தகம் போட்டார். அதில் அணுகுண்டின் காளான் மேகம் மண்டையோடாக எழுந்து நிற்கும். அந்தப் பையன்கள் சாகக் கூடாது என்று நாலு வருஷம் வரைந்த அதே கை அது.

#12 கண்மணி_ஆர்

ஆக்சிஜனில் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, முழுதாக. ஆனால் அங்கேயும் கருவி சும்மா இருக்கவில்லை. முதலில் இருந்த முகமூடியில் தொங்கும் பை உயரத்தின் குளிரில் உறைந்து அடைத்துக்கொண்டது. மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றுத் தரும் புது வகை வந்த பிறகுதான் நிலைமை மேம்பட்டது. படம் ஆளை எச்சரித்தது, பொறியாளர் பையை மாற்றினார். இரண்டும் வேண்டியிருந்தது.

போர் முடிந்து 1947இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் அதே ரைட் ஃபீல்டில் 460 ‘விமானித் தவறு’களைச் சேகரித்து அலசினார்கள். விமானிகளையே கேட்டார்கள், என்ன நடந்தது என்று. ஒரு லிவருக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்தவர்கள் ஏராளம். விமானிகள் வாய் திறந்து சொன்னதால்தான் வடிவம் தெரிந்தது. கேலிக்குப் பயந்து அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால்?

#13 ரொறன்ரோ_குமரன்

ஜெர்மன்காரரும் இதைச் செய்தவை எண்டதையும் எழுதி வைக்கிறன். 1944இல ‘ஹொரிடோ’ எண்டு சண்டை விமானிகளுக்கு ஒரு சுடும் பாடம். வேட்டைக்காரர் கூவிற கூவல்தான் அந்தப் பேர். பாட்டும் கேலிப்படமுமா, குறி வைக்கிற கணக்கைச் சொல்லிக் குடுக்கும். அதுக்கு முதல் வருசம் டைகர் டாங்கிக்காரருக்கு வந்ததும் அதே பாணிதான். படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நேரம் அவையிட்ட எண்ணெய் இல்லை. புது விமானிக்கு மொத்தமா நூறு மணித்தியாலத்தை ஒட்டின பறப்புத்தான் கிடைச்சது, எதிர்ப்பக்கத்தில மூண்டு மடங்குக்கு மேல. பறக்கிற மணித்தியாலத்தைக் குறைச்சுப் போட்டு அந்த இடத்தில புத்தகத்தை வைச்சா, எவ்வளவு நல்ல புத்தகமும் ஒண்டும் செய்யாது. அந்தப் பொடியளை நினைக்க மனம் பாரமா இருக்கு, எந்தப் பக்கமா இருந்தாலும்.

#14 ஓய்வு_ஃபிட்டர்

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. கண்மணி அம்மா #8இல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘பேனல்’ என்று பெயர் வைத்து ஒரு வருஷம் இருக்கும். காக்பிட்டில் இருக்கைக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாஷர் கையிலிருந்து நழுவி உள்ளே விழுந்துவிட்டது. விழுந்த பொருள் கிடைக்கும் வரை விமானம் பறக்கக் கூடாது, உடனே எழுதி வைக்க வேண்டும். அதுதான் விதி. நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு டார்ச்சும் காந்தமும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து தேடினேன். ராத்திரி 2 மணி சுமாருக்குக் கிடைத்தது, கண்ட்ரோல் கம்பி ஓடும் இடத்துக்குப் பக்கத்தில். காலை 6 மணிக்கு அந்த விமானம் கிளம்பியது.

கிடைக்காமல் இருந்திருந்தால் காலையில் சொல்லியிருப்பேனா? 30 வருஷமாக எனக்கு நானே ‘சொல்லியிருப்பேன்’ என்று பதில் சொல்லி வந்தேன். இந்த மூன்று நாளில் அந்தப் பதில் நிற்கவில்லை.

மூடியைப் பூட்ட வெட்கம் கற்றுக்கொடுத்தது, அது உண்மை. வாஷரை மறைக்கவும் அதே வெட்கம்தான் கற்றுக்கொடுத்தது.

டில்பர்ட் வேண்டாம். அட்டை வேண்டும், முட்டாள் வேண்டாம். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

#15 மாணவன்_23

ஐயா, நன்றி. பயிற்றுநரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. செக்லிஸ்ட் அட்டையில் அந்த வரிக்குப் பக்கத்தில் எனக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார்.

#16 பழம்புத்தகம் (கோவை)

செக்லிஸ்ட் பிறந்ததும் ஒரு விபத்தில்தான், தம்பி. 1935 அக்டோபர் 30, ரைட் ஃபீல்ட். போயிங்கின் மாடல் 299, பி-17இன் முன்னோடி. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், கைதேர்ந்த சோதனை விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் வால் பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டைத் திறக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஏறியதும் சாய்ந்து விழுந்து எரிந்தது. அவரை யாரும் முட்டாள் என்று சொல்ல முடியாது, நாட்டிலேயே தேர்ந்தவர்களில் ஒருவர். அதனால்தான் ‘இன்னும் கவனமாக இரு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று புரிந்துகொண்டார்கள். நினைவில் வைக்க வேண்டியதை அட்டையில் எழுதினார்கள்.

ஓய்வு_ஃபிட்டர் ஐயாவுக்கு: முட்டாள் இல்லாத படப் பாடம் ஒன்று இருக்கிறது. 1943இல் பிரிட்டிஷ் விமானப்படை சண்டை விமானிகளுக்கு ஒரு ஏடு போட்டது. குறிகாட்டி வளையத்துக்குள் எதிரி விமானம் தெரிவதுபோல் படங்கள். எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று பார்க்கிறவன் சொல்ல வேண்டும். பெரும்பாலான பையன்கள் 250 கஜம் என்று நினைத்து அதைவிட வெகு தூரத்திலிருந்தே சுட்டு வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏடு யாரையும் பரிகசிக்காது. உன் கண்ணுக்கு இப்போது என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கும்.

#17 கோட்டோவியன்

இதுதான்! ஐயா, பிடித்துக்கொண்டேன்.

ஆளையே வரைய வேண்டாம். லேத் முன்னால் நிற்கும் பையனின் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் வரைகிறேன். அவன் கை, வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் சக், வெட்டும் கருவியைத் தாங்கும் டூல் போஸ்ட், சுவிட்ச். கீழே ஒரே கேள்வி: ‘இப்போது மெஷினைப் போடலாமா?’ பதில் அட்டையின் பின்பக்கம். படத்தில் இருப்பது அவன் கைதான், வேறு யாரோ முட்டாளின் கை இல்லை.

முதல் அட்டைக்கு எந்த ஆபத்தை எடுக்கலாம், சொல்லுங்கள். அளவு, ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையா என்பதையும் சொல்லுங்கள்.

#18 ஓய்வு_ஃபிட்டர்

சக் கீ. வேலையை இறுக்கிவிட்டுச் சாவியைச் சக்கிலேயே விட்டு மெஷினைப் போட்டால் அது தோட்டா மாதிரி பறக்கும். எங்கள் பட்டறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தடவையாவது செய்யப் பார்த்திருக்கிறார்கள். அளவு உள்ளங்கை அளவு போதும், கறுப்பு மை மட்டும். மேல் பையில் வைக்கிற மாதிரி.

#19 கண்மணி_ஆர்

ஐயா, அட்டை வருவதற்கு முன்னால் ஒன்று. சாவியின் முனையில் ஸ்பிரிங் வைத்த வகை கிடைக்கிறது. கையை எடுத்தால் தானே வெளியே தள்ளிவிடும், சக்கில் நிற்கவே நிற்காது. பட்டறையில் இருப்பவை சாதாரணச் சாவிகளா?

#20 ஓய்வு_ஃபிட்டர்

சாதாரணம்தான். 12 சாவி இருக்கிறது. ஸ்பிரிங்கும் காலரும் வாங்கிவிட்டேன், நேற்றும் இன்றும் பிள்ளைகளை வைத்தே மாட்டினோம். 9 முடிந்தது. மாட்டும்போதே ஒரு பையன் போன மாதம் சாவியை விட்டுவிட்டு மெஷினைப் போட்டதாகவும், நல்லவேளை யார் மேலும் படவில்லை என்றும் தானாகச் சொன்னான். எந்த லேத், எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பெயரை எழுதவில்லை.

கோட்டோவியன் தம்பி, இரண்டாவது அட்டைக்கு அந்த லேத்தின் போட்டோ அனுப்புகிறேன். சுவிட்ச் இருக்கும் இடமே சரியில்லை என்று சந்தேகமாக இருக்கிறது. கண்மணி அம்மாவும் பார்க்க வேண்டும்.